ஒப்பாசிற்றி மாஸ்க் போட்ட படம் அச்சில பெட்டியாத் தெரியுது: எங்க பிழை?

வெளிக்கோடு:

எல்லாருக்கும் வணக்கம். திருவிழாப் பதாகை ஒண்டு, 20 அடி அகலம், 10 அடி உயரம், ஃபிளெக்ஸ். வலப்பக்கம் நல்லூர்க் கோபுரத்தின்ர படம். அதின்ர அடிப்பக்கம் மஞ்சள் பின்னணிக்குள்ள மெல்ல மெல்லக் கரைஞ்சு போகவேணும், வெட்டின விளிம்பு தெரியக்கூடாது. இலஸ்ரேட்டர் எண்ட வரைகலை மென்பொருளில நாலில் ஒரு பங்கு அளவில, அதாவது 60 × 30 அங்குலத்தில போகுது வேலை. மூண்டு இடத்தில இடிக்குது.

1) கரைய வைக்கப் பாவிக்கிறது ஒப்பாசிற்றி மாஸ்க், அதாவது படத்தில எது தெரியவேணும், எது மறையவேணும் எண்டு சொல்லுற மூடி. அதுக்கு மேக் மாஸ்க் அமத்தினால் சில நேரம் சரியா வருது, சில நேரம் படம் முழுக்க மறைஞ்சு போகுது. போட்டது அதே கறுப்பு வெள்ளைக் கிரேடியன்ற்தான் (ஒரு நிறத்தில இருந்து மற்றதுக்கு மெல்ல மாறுற நிரப்பு).

2) ஒருக்கா மாஸ்க்கைத் திருத்தப் போனால் லேயர் பட்டியல் முழுக்கக் காணாமல் போகுது. புதுசாக் கீறுறது ஒண்டும் திரையில தெரியாது.

3) இதுதான் பெரிசு. அச்சகம் கேட்டது எக்ஸ்-1ஏ எண்ட, அச்சுக்கெண்டு உள்ள பிடிஎஃப் வகை. அதில படத்தைச் சுத்தி மயிரிழை மாதிரி வெள்ளைக் கோடு தெரியுது. மாதிரிக்கு அடிச்ச துண்டில கோடு இல்லை, ஆனால் படம் இருக்கிற சதுரம் முழுக்க மஞ்சள் ஒரு சாயல் மாறி, பெட்டி போட்ட மாதிரி நிக்குது.

அச்சுத்தட்டு:

முதல் இரண்டும் சின்ன விசயம். மூண்டாவதுக்குப் பிறகு வாறன்.

ஒப்பாசிற்றி மாஸ்க் ஒளிர்வை வைச்சு வேலை செய்யுது. வெள்ளை இருக்கிற இடத்தில படம் முழுசாத் தெரியும், கறுப்பில மறையும், சாம்பல் எவ்வளவோ அவ்வளவுக்குத் தெரியும். மேக் மாஸ்க் அமத்தேக்க தெரிவில இருக்கிறதில ஆக மேல கிடக்கிற பொருள்தான் மாஸ்க்காகும். இப்ப நீங்கள் படத்தையும் கிரேடியன்ற் சதுரத்தையும் முன்னமே குறூப் பண்ணி வைச்சிருந்தால், இலஸ்ரேட்டருக்கு அது ஒரே ஒரு பொருள். மாஸ்க்காக்க மேல வேற ஒண்டும் இல்லை, ஆனபடியால் வெறும் மாஸ்க் ஒண்டை உண்டாக்கும். பக்கத்தில 'கிளிப்' எண்ட பெட்டி தானாகவே சரி போட்டபடி வரும். வெறும் மாஸ்க்கும் கிளிப்பும் சேர்ந்தால் எல்லாம் மறையும். உங்கட 'சில நேரம்' அதுதான். அன்குறூப் பண்ணி, இரண்டையும் தனித்தனியாத் தெரிவு செய்து, பிறகு அமத்துங்கோ.

கிளிப் போட்டிருக்கேக்க சதுரத்துக்கு வெளியில கிடக்கிறதும் மறையும். ஆனபடியால் கிரேடியன்ற் சதுரம் படத்தை விட எல்லாப் பக்கமும் 2, 3 மிமீ கூடவா இருக்கட்டும். படத்தின்ர அளவுக்கே சரியா வைச்சால் விளிம்பில ஒரு இழை உரிஞ்ச மாதிரி வரும்.

லேயர் காணாமல் போறது: ட்ரான்ஸ்பரன்சி பனலில இரண்டு சின்னப் படம் இருக்கும். இடது படம், வலது மாஸ்க். வலதைக் கிளிக் பண்ணினால் நீங்கள் மாஸ்க்குக்கு உள்ள நிக்கிறியள். மேல கோப்புப் பெயருக்குப் பக்கத்தில ஒப்பாசிற்றி மாஸ்க் எண்டு எழுதியிருக்கும், பாருங்கோ. அங்க நிண்டு கீறுறதெல்லாம் மாஸ்க்குக்குள்ளதான் போகும். இடதைக் கிளிக் பண்ணினால் வெளியில வந்திடலாம். ஒல்ட் விசையோட வலதைக் கிளிக் பண்ணினால் மாஸ்க் மட்டும் கறுப்பு வெள்ளையில தெரியும், ஷிஃப்ட் விசையோட எண்டால் மாஸ்க் தற்காலிகமா அணைஞ்சு நிக்கும். இரண்டுக்கும் நடுவில இருக்கிற சங்கிலிக் குறி பூட்டியிருந்தால் படத்தை நகர்த்தேக்க மாஸ்க்கும் கூடப் போகும். கரையிற இடம் அப்பிடியே நிக்க, படத்தை மட்டும் மேல கீழ தள்ளவேணும் எண்டால் அந்தச் சங்கிலியைக் கழட்டுங்கோ.

இன்னொண்டு. கோப்பு சிஎம்வைகே (அச்சின்ர நாலு மை: சி சயன், எம் மெஜந்தா, வை மஞ்சள், கே கறுப்பு) எண்டால், கே 100 மட்டும் வைச்ச கறுப்பில சில நேரம் படம் முழுசா மறையாது, ஆவி மாதிரி ஒரு மிச்சம் நிக்கும். மாஸ்க்கில உள்ள கறுப்புக்கு நாலு மையையும் 100 ஆக்கிப் பாருங்கோ. மாஸ்க்கின்ர நிறம் அச்சுக்குப் போறதில்லை, ஆனபடியால் மை கூடிப் போகும் எண்ட பயம் வேண்டாம்.

பனைமடல்:

பின்னணி தட்டை மஞ்சள்தானே? அப்ப மாஸ்க் எதுக்கு? படத்துக்கு மேல ஒரு மஞ்சள் சதுரம் போட்டு, கிரேடியன்ற்றில ஒரு முனைக்கு ஒப்பாசிற்றி (கீழ இருக்கிறதை மறைக்கிற அளவு) 100, மற்ற முனைக்கு 0 குடுத்தால் முடிஞ்சுது. கிரேடியன்ற் முனைக்கு ஒப்பாசிற்றி குடுக்கிற வசதி சிஎஸ்4 காலத்தில இருந்தே இருக்கு. பின்னணி கோலம், வேறொரு படம், நிற மாற்றம் எண்டு ஏதும் இருந்தால்தான் மாஸ்க்குக்கு வேலை.

ஒண்டை மட்டும் பாருங்கோ: இரண்டு முனையும் அதே மஞ்சளா இருக்கவேணும். கன பேர் ஒரு முனை மஞ்சள் 100, மற்றது வெள்ளை 0 எண்டு வைக்கினம். நடுவில மஞ்சளும் வெள்ளையும் கலந்த நிறம் பாதி ஒப்பாசிற்றியில நிக்கும், கோபுரத்தின்ர இடுப்பில பால் ஊத்தின மாதிரி ஒரு பட்டை வரும். கறுப்பு 0 எண்டு வைச்சால் அதே இடத்தில அழுக்கு. நிறம் மாறக்கூடாது, ஒப்பாசிற்றிதான் மாறவேணும்.

வெளிக்கோடு:

முதல் இரண்டும் தீர்ந்துது, நன்றி அண்ணை. குறூப் பண்ணித்தான் கிடந்தது. மஞ்சள் சதுரமும் போட்டுப் பார்த்தாச்சு, திரையில வடிவா வருது. ஆனால் பின்னணியில பிறகு மெல்லிய தாமரைக் கோலம் வரப்போகுது, அப்ப மாஸ்க்தான் வேணும். கரையிற இடமும் ஒரு மாதிரிக் கிடக்கு. மேல ஒரு கோடு கிழிச்ச மாதிரித் தொடங்குது, கீழயும் அப்பிடியே முடியுது.

அச்சுத்தட்டு:

வெள்ளையில இருந்து கறுப்புக்கு நேர்கோடாப் போற கிரேடியன்ற்றில இரண்டு முனையிலயும் ஒரு முறிவு இருக்கும், கண் அதைப் பிடிச்சிடும். நாலு முனை வையுங்கோ: 0 இல வெள்ளை, 25 இல 10 சதவீதக் கறுப்பு, 75 இல 90 சதவீதக் கறுப்பு, 100 இல முழுக் கறுப்பு. தொடக்கமும் முடிவும் மெதுவா, நடுவில விரைவா இறங்கும். கோடு போயிடும்.

கரைவை அளவுக்கு மிஞ்சி நீட்டவும் வேண்டாம். எட்டு பிட்டில ஆகக் கூடினது 256 படி. 3 அடிக்கு, அதாவது 914 மிமீக்கு, முழு வெள்ளையில இருந்து முழுக் கறுப்பு எண்டால் ஒரு படி கிட்டத்தட்ட 3.5 மிமீ. தூர நிண்டு பார்க்கிற பதாகையில அது தெரியாது. அதே நீளத்தில 60 சதவீதத்தில இருந்து 40 சதவீதத்துக்கு மட்டும் இறக்கினால் கிடைக்கிறது 51 படிதான். ஒவ்வொண்டும் 18 மிமீ வரும். நீல வானத்தில அது பட்டை பட்டையாத் தெரியும். அப்பிடியான இடத்தில மாஸ்க்குக்குள்ள போய் கிரேடியன்ற் சதுரத்துக்கு 'கிறெயின்' விளைவை மிகக் குறைவாப் போடுங்கோ, பட்டை உடைஞ்சு மணல் மாதிரி ஆகிடும்.

இனி மூண்டாவது. எக்ஸ்-1ஏ பிடிஎஃப்புக்குள்ள உயிரோட இருக்கிற ட்ரான்ஸ்பரன்சிக்கு (கீழ இருக்கிறது ஊடாகத் தெரியிற தன்மைக்கு) இடமில்லை. இலஸ்ரேட்டருக்கு இந்த வசதி வந்தது 2000 இல, 9ஆம் பதிப்போட. பிடிஎஃப்புக்குள்ள வந்தது 2001 இல, 1.4 பதிப்போட. எக்ஸ்-1ஏ அதுக்கு முந்தின 1.3 இல நிண்ட சங்கதி. ஆனபடியால் சேமிக்கேக்க இலஸ்ரேட்டர் எல்லாத்தையும் 'ஃபிளாட்டன்' பண்ணுது: மாஸ்க் பட்ட இடத்தில படத்தையும் அதுக்குக் கீழ கிடக்கிற மஞ்சளையும் சேர்த்து ஒரே படமாக்கி, சதுரம் சதுரமா வெட்டி ஒட்டி விடும்.

வெள்ளைக் கோடு வாறது அந்த ஒட்டில. அது நிசமோ, திரையின்ர விளையாட்டோ எண்டு பார்க்கிறது லேசு. அக்ரோபற்றில 100, 400, 1600 சதவீதம் எண்டு பெருப்பிச்சுப் பாருங்கோ. எவ்வளவு பெருப்பிச்சாலும் கோடு அதே ஒரு பிக்சல் தடிப்பில நிண்டால் அது திரையில மட்டும்தான். விருப்பங்களில 'ஸ்மூத் லைன் ஆர்ட்' எண்டதை எடுத்துவிட்டால் மறையும். பெருப்பிக்கப் பெருப்பிக்கக் கோடும் தடிச்சால் உண்மையிலயே இடைவெளி இருக்கு. உங்கட துண்டில கோடு அடிபடேல்லை எண்டபடியால் உங்களுக்கு முதலாவது வகை.

மஞ்சள் பெட்டி வேற வருத்தம். பெட்டிக்கு வெளியில இருக்கிற மஞ்சள் வெக்டர் (கணக்கால கீறின வடிவம்). உள்ள இருக்கிறது இப்ப பிக்சல் படம். அச்சு இயந்திரத்துக்கு முன்னால இருக்கிற ரிப் மென்பொருள் வெக்டருக்கு ஒரு நிறக் கணக்கும் படத்துக்கு இன்னொரு கணக்கும் வைச்சிருக்கலாம். அப்ப ஒரே எண் இரண்டு மஞ்சளா வரும். பிழை யாரின்ர பக்கம் எண்டு கண்டுபிடிக்க: அக்ரோபற் புரோவில பிறின்ட் புரொடக்சன், அவுட்புட் பிரிவியூ. சுட்டியைப் பெட்டிக்கு உள்ளயும் வெளியிலயும் வைச்சு நாலு மையின்ர எண்ணையும் வாசியுங்கோ. இரண்டும் ஒண்டு எண்டால் உங்கட கோப்பு சுத்தம், ரிப்பிலதான் மாறுது. எண்கள் வேற எண்டால் சேமிக்கேக்கயே மாறியிருக்கு, ஆவணம் ஆர்ஜிபியில (திரைக்கான நிறமுறையில) கிடக்கோ எண்டு பாருங்கோ.

வெளிக்கோடு:

பார்த்தாச்சு. உள்ளயும் எம் 15, வை 100. வெளியிலயும் எம் 15, வை 100. சி, கே இரண்டும் 0.

அச்சுத்தட்டு:

அப்ப ரிப்தான். இரண்டு வழி. அச்சகம் எக்ஸ்-4 எண்ட பிந்தின பிடிஎஃப் வகையை எடுக்கும் எண்டால் அதில குடுங்கோ. அதில ட்ரான்ஸ்பரன்சி உயிரோட போகும், ரிப் தானே கடைசியில கலக்கும். எடுக்காது எண்டால் மஞ்சளை இரண்டு விதமா வாழ விடாதேங்கோ. பின்னணி முழுவதையும், நாலு விளிம்பும் சேர்த்து, படத்தோட ஒண்டாக்கி ராஸ்டரைஸ் பண்ணுங்கோ, அதாவது பிக்சல் படமாக்குங்கோ. எழுத்து மட்டும் மேல தனி லேயரில வெக்டரா நிக்கட்டும். எழுத்தை ட்ரான்ஸ்பரன்சிக்குக் கீழ விட்டால் ஃபிளாட்டன் பண்ணேக்க சில எழுத்து கோடாகவும் சில எழுத்து படமாகவும் மாறி, ஒரே சொல்லில பாதி தடிச்சுப் போகும்.

பனைமடல்:

ஃபிளெக்ஸுக்கு ஏன் இவ்வளவு பாடு? எல்லாத்தையும் தட்டையா ஒரு டிஃப் படக் கோப்பு ஆக்கிக் குடுக்கிறதுதான் நிம்மதி. 60 × 30 அங்குலக் கோப்பை 288 பிபிஐயில (அங்குலத்துக்கு 288 பிக்சல்) ஏற்றுமதி செய்தால் 17,280 × 8,640 பிக்சல். 20 அடிக்குப் பெருப்பிக்க 72 பிபிஐ ஆகும். ஆகச் சின்ன எழுத்தே 2 அங்குல உயரம் எண்டால் அது காணும். சுருக்காமல் 600 எம்பி அளவில வரும், எல்ஸெட்டபிள்யூ சுருக்கம் போட்டால் குறையும். மஞ்சள் தட்டை எண்டபடியால் நல்லாவே குறையும்.

அச்சுத்தட்டு:

ஃபிளெக்ஸுக்கு ஒத்துக்கொள்ளுறன். ஆனால் அதே கோப்பில இருந்து நாளைக்கு ஏ4 நோட்டீஸ் அடிக்கச் சொல்லுவினம். 8 புள்ளி எழுத்தை டிஃப்பில குடுத்தால் ஓரம் நெளியும். டிஃப் எண்டது அனுப்புற கோப்பு. மாஸ்க் உயிரோட இருக்கிற மூலக் கோப்பை அழிக்காமல் வைச்சிருக்கவேணும்.

நாலில் ஒரு பங்கு அளவில செய்தது நல்லது. இலஸ்ரேட்டரின்ர வழக்கமான பலகை 227 அங்குலத்தோட முடியுது, 20 அடி எண்டால் 240 அங்குலம். இப்ப பெரிய பலகை இருக்குத்தான். ஆனால் அதில இருந்து வாற பிடிஎஃப்பை சில மென்பொருள் பத்தில் ஒரு பங்காக வாசிக்கும். குறைச்ச அளவில செய்யேக்க நிழல், மங்கல் எல்லாத்துக்கும் 'டொக்கியுமென்ற் ராஸ்டர் எஃபெக்ற்ஸ்' 300 இல நிக்கட்டும். நாலு மடங்கு பெருப்பிக்க 75 ஆகும். 72 இல வைச்சால் 18 ஆகி, நிழல் படிக்கட்டா வரும்.

கோலப்பொடி:

இலஸ்ரேட்டர் கதை விளங்குது. நான் பாவிக்கிறது கொறல் மென்பொருள். அங்க மேக் மாஸ்க் எண்டு ஒண்டும் இல்லையே?

பனைமடல்:

ஓம், அந்தப் பேரில இல்லை. ட்ரான்ஸ்பரன்சி கருவியை எடுத்து, படத்துக்கு மேல சுட்டியை இழுங்கோ. ஃபவுன்ரன் ட்ரான்ஸ்பரன்சி வரும். கோட்டின்ர ஒரு முனை வெள்ளை, மற்றது கறுப்பு. இங்கயும் வெள்ளை தெரியும், கறுப்பு மறையும். நிறப்பலகையில இருந்து ஒரு சாம்பலை இழுத்து அந்தக் கோட்டில விட்டால் இடையில புது முனை வரும். மேல சொன்ன நாலு முனைக் கணக்கு இதுக்கும் பொருந்தும்.

மாறிப் போற இடம் எண். இலஸ்ரேட்டரில 100 எண்டால் முழுசாத் தெரியும். கொறலில 100 எண்டால் முழுசா மறையும், ஏனெண்டால் அது அளக்கிறது ஒப்பாசிற்றியை இல்லை, ட்ரான்ஸ்பரன்சியை. இலஸ்ரேட்டருக்கு எழுதின பாடத்தைப் பார்த்து 80 போட்டால் 20தான் தெரியும்.

'ஃபிறீஸ்' பொத்தானை அறியாமல் அமத்த வேண்டாம். அமத்தின நேரம் கீழ என்ன தெரிஞ்சுதோ அதையும் சேர்த்துப் பிடிச்சு வைச்சிருக்கும். பிறகு படத்தை நகர்த்தினால் பழைய பின்னணித் துண்டும் ஒட்டிக்கொண்டு வரும். கூர்மையான வெட்டு எண்டால் பவர்கிளிப்தான் (ஒரு வடிவத்துக்குள்ள படத்தை அடைக்கிற வசதி). பிடிஎஃப் எடுக்கேக்க பொருத்தத்தை அக்ரோபற் 5 அல்லது அதுக்கு மேல வையுங்கோ, 4 இல வைச்சால் அந்த ஃபிளாட்டன் கூத்துத் திரும்பவும்.

முனைப்புள்ளி:

இங்க்ஸ்கேப் மென்பொருள் பாவிக்கிற ஆக்களுக்கு: மாஸ்க்காகப் போற பொருள் மேல இருக்கவேணும், இரண்டையும் தெரிவு செய்து ஒப்ஜெக்ற் மெனுவில மாஸ்க், செற் மாஸ்க். இங்க ஒளிர்வும் ஒப்பாசிற்றியும் பெருக்கித்தான் கணக்குப் பார்க்கும். வெள்ளை நிறம், 50 சதவீத ஒப்பாசிற்றி எண்டால் பாதி தெரியும். நடுச் சாம்பல், முழு ஒப்பாசிற்றி எண்டாலும் பாதிதான். நடுச் சாம்பலுக்குப் பாதி ஒப்பாசிற்றியும் குடுத்தால் கால்வாசி. சும்மா ஒரு கறுப்பு வட்டம் கீறி மாஸ்க் போட்டுவிட்டு 'படத்தைக் காணேல்லை' எண்டு கேக்கிறது அடிக்கடி நடக்கும். வெள்ளையாக்கினால் வந்திடும்.

நிறத்தை மாஸ்க்கில போட்டாலும் இதே கணக்குத்தான். பச்சைக்கு ஒளிர்வு 71 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு வெறும் 7. சிவப்பு சதுரத்தால மாஸ்க் போட்டால் படம் ஐஞ்சில் ஒரு பங்குதான் தெரியும். எஸ்விஜி (வெக்டர் படக் கோப்பு வகை) எழுதுற ஆக்கள் கவனிக்கவேண்டிய இடம் இன்னொண்டும் இருக்கு. 128 எண்ட நடுச் சாம்பல் வழக்கமான எஸ்ஆர்ஜிபி கணக்கில 50 சதவீதம் குடுக்கும். நிறக் கலப்பை லீனியர் ஆர்ஜிபிக்கு மாத்திவிட்டால் அதே சாம்பல் 21 அல்லது 22 சதவீதத்துக்கு இறங்கிடும்.

கையால எஸ்விஜி எழுதினால், மாஸ்க்கின்ர எல்லை சொல்லாமல் விட்டால் பொருளைச் சுத்தி 10 சதவீதம் மட்டும் கூட எடுக்கும். அதுக்கு வெளியில போற ஒளிவட்டம், மங்கல் எல்லாம் கத்தியால வெட்டின மாதிரி நிக்கும். எக்ஸ், வை, அகலம், உயரம் நாலையும் நீங்களே குடுங்கோ. நேரான கிடைக்கோட்டுக்கு மாஸ்க் போட்டால் கோடே மறையும், ஏனெண்டால் அதின்ர சட்டத்துக்கு உயரம் 0, சதவீதம் எடுக்க ஒண்டும் இல்லை. எல்லையின்ர அலகை யூசர் ஸ்பேஸ் ஒன் யூஸ் எண்டு மாத்தினால் வரும். ஒரே பக்கத்தில இரண்டு எஸ்விஜியை உள்ளயே ஒட்டி, இரண்டிலயும் மாஸ்க்குக்கு ஒரே அடையாளப் பெயர் இருந்தால் இரண்டாவது படம் முதலாவதின்ர மாஸ்க்கை எடுத்துப் போட்டுக்கொள்ளும். இலஸ்ரேட்டரில ஏற்றுமதி செய்யேக்க அடையாளத்தை 'யுனீக்' எண்டு வையுங்கோ.

வெளிக்கோடு:

கடைசியா ஒண்டு. 'தேர்த் திருவிழா' எண்ட தலைப்பு எழுத்துக்குள்ள தேர்ப் படம் தெரியவேணும். எழுத்துரு பாமினி. அவுட்லைன் (எழுத்தைக் கோட்டு வடிவமா மாத்துறது) ஆக்கி கிளிப்பிங் மாஸ்க் (வடிவத்துக்கு வெளியில இருக்கிறதை வெட்டி மறைக்கிறது) போட்டால் ஒரு எழுத்தில மட்டும் படம் வருது. கொம்பவுண்ட் பாத் (கன வடிவத்தை ஒரே பொருளாச் சேர்க்கிறது) ஆக்கிப் போட்டால் எல்லாத்திலயும் வருது, ஆனால் 'ரு', 'வி', 'ழா' மாதிரி இடங்களில ஒரு சின்ன ஓட்டை.

அச்சுத்தட்டு:

இது தமிழ் எழுத்துக்கே உரிய கரைச்சல், ஆங்கிலப் பாடங்களில இருக்காது.

கிளிப்பிங் மாஸ்க்குக்கு மேல இருக்கிற பொருள் ஒண்டாத்தான் இருக்கவேணும். அவுட்லைன் ஆக்கின சொல் கன எழுத்துச் சேர்ந்த குறூப். ஆனபடியால் கொம்பவுண்ட் பாத் (கொன்ட்ரோல் + 8) ஆக்குறது சரி. ஓட்டை எங்கயிருந்து வருது எண்டால், பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில 'வி' எண்டது 'வ' ஒரு துண்டு, 'ி' இன்னொரு துண்டு. இரண்டும் தொடுற இடத்தில ஒண்டின்ர மேல ஒண்டு ஏறிக் கிடக்கும். நிறம் போட்டபடி பார்க்கேக்க தெரியாது. கொம்பவுண்ட் பாத் ஆக்கின உடன ஒண்டின்ர மேல ஒண்டு ஏறின இடம் ஓட்டையாகும். 'ழா' இலயும் கால் எழுத்தை முட்டுற அளவுக்கு நெருக்கி வைச்சிருந்தால் அதே கதை. 'ரு' ஒரே எழுத்தா இருந்தும் ஓட்டை எண்டால், பக்கத்து 'தி' அதில ஏறிக் கிடக்கோ எண்டு கொன்ட்ரோல் + வை அமத்தி வெறும் கோட்டில பாருங்கோ.

ஒழுங்கு இதுதான்: முதல் அவுட்லைன் (கொன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஓ). பிறகு பாத்ஃபைண்டரில யுனைற். அதுக்குப் பிறகுதான் கொன்ட்ரோல் + 8. பிறகு எழுத்தை மேலயும் படத்தைக் கீழயும் வைச்சு கொன்ட்ரோல் + 7. யுனைற்றை நடுவில விடக்கூடாது. இங்க்ஸ்கேப்பில அது யூனியன், கொறலில வெல்ட்.

முனைப்புள்ளி:

யுனைற் பண்ண முதல் ஒரு நகல் எடுத்து வையுங்கோ. பிறகு எழுத்துப்பிழை கண்டால் திருத்த ஏலாது.

யூனிகோட் எழுத்துரு எண்டால் துண்டுகள் பொதுவா ஒழுங்கா வரும், ஆனால் இலஸ்ரேட்டரில இந்திய மொழி வசதியை இயக்காட்டி 'தே' இன்ர கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிக்கும். விருப்பங்களில ரைப் பகுதியில இந்திக் எண்ட தெரிவைப் போட்டு, பரகிராப் பனலில தெற்காசியக் கம்போசரைத் தெரிவு செய்யுங்கோ. அவுட்லைன் ஆக்க முதலே இது சரியா இருக்கவேணும்.

பனைமடல்:

எழுத்துக்குள்ள தேர்ப் படம் எண்டால் வாசிக்க ஏலாமல் போற ஆபத்து இருக்கு. தேரில சிவப்பு, வெள்ளை, பொன், நிழல் எல்லாம் கலந்து கிடக்கும். மஞ்சள் பின்னணியில பொன் நிறம் வாற இடத்தில எழுத்தின்ர விளிம்பே தொலைஞ்சிடும். மாஸ்க் ஆகின உடன எழுத்து தன்ர நிறத்தையும் கோட்டையும் இழந்திடும், அதால வெள்ளை அம்புக் கருவியால எழுத்தின்ர பாதையை மட்டும் தெரிவு செய்து, கடும் சிவப்பில 3 மிமீ கோடு குடுங்கோ. 3 எண்டது உங்கட நாலில் ஒரு பங்கு கோப்பில. அடிக்கேக்க 12 மிமீ வரும். இங்க்ஸ்கேப்பில கிளிப்புக்குக் குடுத்த கோடு தெரியாது, எழுத்தின்ர நகலைக் கொன்ட்ரோல் + டி அமத்தி எடுத்து மேல வைச்சு அதுக்குக் கோடு போடவேணும்.

கோலப்பொடி:

இதோட சேர்ந்த கேள்வி. கல்வெட்டுப் புத்தகத்துக்கு (இறந்தவரின்ர நினைவு மலருக்கு) முட்டை வடிவத்தில ஓரம் கரையிற முகப் படம், கறுப்பு வெள்ளை, ஒஃப்செற் அச்சு. திரையில ஓரம் புகை மாதிரிப் போகுது, அச்சில கரைவு முடியிற இடத்தில ஒரு வளையம் தெரியுது.

அச்சுத்தட்டு:

அந்த வளையம் மாஸ்க்கின்ர பிழை இல்லை, சாயலை உண்டாக்கிற சின்ன மைப்புள்ளி அச்சில பதியாமல் போறது. ஒஃப்செற்றில 3 சதவீதத்துக்குக் குறைஞ்ச புள்ளி தட்டிலயோ தாளிலயோ நிக்காது. சாதாரணத் தாளில 5 எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ. திரையில 5, 4, 3, 2 எண்டு மெல்ல இறங்கி 0 க்குப் போறது, அச்சில 5 இல நிண்டு திடீரெண்டு வெள்ளையாகும். அந்த இடம்தான் வளையம். வட்டக் கிரேடியன்ற்றின்ர கடைசிப் பகுதியை இழுத்தடிக்காமல் 10 சதவீதத்துக்குக் கீழ விரைவா முடியுங்கோ. இல்லாட்டி மாஸ்க்கில கொஞ்சம் மணல் போடுங்கோ, வளையம் உடையும். இன்னொரு வழி, பக்கம் முழுக்க 6 சதவீதச் சாம்பல் பின்னணி வைச்சு, படத்தை வெள்ளைக்கு இல்லாமல் அந்தச் சாம்பலுக்குக் கரைக்கிறது. கல்வெட்டுக்கு அது வடிவாவும் இருக்கும்.

தலைமயிர் ஓரத்தை வெக்டர் மாஸ்க்கால வெட்ட வெளிக்கிட வேண்டாம். அது ஃபொட்டோஷொப் வேலை. உடுப்பு, தோள் போல தெளிவான ஓரத்துக்கு மட்டும் வெக்டர். பழைய பின்னணியின்ர வெள்ளை ஓரமா ஒட்டி நிண்டால் ஒஃப்செற் பாத் இல -0.25 மிமீ குடுத்து மாஸ்க்கை உள்ளுக்கு இழுங்கோ.

வெளிக்கோடு:

யுனைற் பண்ணினாப் பிறகு ஓட்டை எல்லாம் அடைபட்டுது. 'தி' தான் 'ரு' இல ஏறிக் கிடந்தது. அச்சகம் எக்ஸ்-4 எடுக்காதாம், அதால பின்னணி முழுக்க ஒண்டாக்கி, எழுத்து மட்டும் மேல வெக்டரா விட்டு அனுப்பியாச்சு. மாதிரித் துண்டில பெட்டி இல்லை. எழுத்தைச் சுத்தின சிவப்புக் கோடு மட்டும் கொஞ்சம் கடும் கபிலமா வந்திருக்கு.

அச்சுத்தட்டு:

சிவப்பில கே எவ்வளவு? 10 அளவில கே கிடந்தால் எடுத்துவிட்டு எம் 100, வை 100 மட்டும் வையுங்கோ. ரிப் வெக்டரை வேற கணக்கில எடுக்குது எண்டு மேலயே கண்டமே. முழுசா அடிக்க முதல் அந்தக் கோட்டில 4 அங்குலத் துண்டு ஒண்டு அடிச்சுப் பார்க்கச் சொல்லுங்கோ.